காட்பாடியில் ஜம்ப் ஷாட் பழக நல்ல இடம்

பூல் ஆட்டத்தில் கியூவால், அதாவது அடிக்கும் குச்சியால், வெள்ளைப் பந்தைத் துள்ள வைத்து, குறுக்கே நிற்கும் பந்தைத் தாண்டி அடிப்பதுதான் ஜம்ப் ஷாட். அது என்றாலே டேபிள் துணி கிழிந்துவிடும் என்று பூல் கடைக்காரர்கள் பலர் பதறுவார்கள். சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருக்கும் இந்தக் கடையில் அதற்கென்றே குட்டையான ஒரு ஜம்ப் கியூ வைத்திருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் வேலை முடிந்ததும் நான் இங்கே வருவதே அதற்காகத்தான்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் பூல் போட்டியான மோஸ்கோனி கோப்பையில் ஒரு ஷாட்டுக்கு 30 வினாடிதான். அடிக்க வேண்டிய பந்தை இன்னொன்று மறைத்து நிற்கும். ஃபவுல் ஆனால் எதிராளி வெள்ளைப் பந்தை இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து அடிப்பார். அந்த நெருக்கடியிலும் அமெரிக்க ஆட்டக்காரர் ஷேன் வான் போயனிங் மாதிரி ஆட்கள் குட்டைக் கியூவை எடுத்து, மறைத்த பந்தைத் தாண்டிப் போட்டு, அடுத்த பந்துக்கு வாகாக வெள்ளையை நிறுத்துவதைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். தாண்டுவது பாதி வேலைதான். இறங்கிய பந்தை நிறுத்துவதில்தான் ஆட்டக்காரன் தெரிவான்.

எனக்குத் தொழில் தோல் ஃபினிஷிங். அதனால் முதலில் கண் போனது கியூவின் முனைக்குத்தான். ஆடுகிற கியூவில் இருப்பது அடுக்குத் தோல். அடியின் வேகத்தைக் கொஞ்சம் தனக்குள் வாங்கிக்கொள்ளும். ஜம்புக்கு அது சரிப்படாது. இந்தக் கியூவில் நகத்தால் அழுத்தினாலும் தடம் விழாத ஃபீனாலிக் முனை, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் மாதிரி. எடை சாதாரணக் கியூவில் ஏறக்குறைய பாதி. நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது உலக விதி. இது அதற்கு மேலேயே இருக்கிறது.

டேபிளில் அசல் ஸ்லேட் கல். மேலிருந்து சாய்த்துக் குத்தினால் வெள்ளை அதில் மோதித் துள்ளுகிறது. புதிதாக வருபவர்கள் பந்துக்கு அடியில் கியூவை விட்டுத் தூக்கப் பார்ப்பார்கள், அது ஃபவுல். “அடியில தோண்டாதப்பா, மேலேர்ந்து எறக்கு. பிடிய லூசா விடு” என்று கடை அண்ணன் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். பழகும்போது வெள்ளைக்கு அடியில் உள்ளங்கை அளவு பழைய துணித் துண்டு ஒன்றை வைக்கச் சொல்வார். டேபிள் துணியில் வெள்ளைப் பொட்டு விழாமல் இருக்க அது போதும். இந்த அக்கறையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஸ்னூக்கர் ஆடி வளர்ந்த சில பெரியவர்கள் இதெல்லாம் ஒரு ஷாட்டா என்பார்கள். அந்த ஆட்டத்தில் பந்தைத் தாண்டுவது ஃபவுல், அதனால் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அடிக்கும் கை ஒரு நூல் பிசகினாலும் பந்து டேபிளை விட்டே போய்விடும் இந்த ஷாட்டை மட்டமாக நினைக்க என்னால் முடியாது.

குறை என்றால், சித்திரை வெயிலுக்கு இங்குள்ள ஏசி போதாது, உள்ளங்கை வேர்த்துக் கியூ வழுக்குகிறது. சாயங்காலம் ஆனால் விஐடி பசங்க நிறைந்துவிடுகிறார்கள், ஜம்ப் கியூ கைக்கு வர ரொம்ப நேரம் ஆகிறது. பழக வேண்டுமென்றால் காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். அப்புறம் அண்ணா, இன்னொரு ஜம்ப் கியூ வாங்கிப் போடுங்கள்.