சிபில் ஸ்கோரைச் சரி செய்து தருவதாகச் சொல்லும் கடன் ஏஜென்டுகளிடம் பணம் கொடுக்காதீர்கள்

கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடிபட்டிருக்கிறது, வீட்டுக் கடன் வேண்டும் என்று அலைகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கோவையில் எங்களுக்கு நடந்தது இது.

கொரோனா ஊரடங்கில் என் கணவருக்கு வேலை போனது. கிரெடிட் கார்டு பாக்கியை முழுதாகக் கட்ட வழியில்லாமல், வங்கியோடு பேசி ஒரு குறைந்த தொகைக்கு முடித்தார். சிபில் ரிப்போர்ட்டில் அது 'குளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடித்தது) என்று ஏறவில்லை, 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று ஏறிவிட்டது. ஸ்கோர் 600-க்கும் கீழே. எனக்கு நிரந்தர வேலை, ஸ்கோரும் 780-க்கு மேல்.

இதை எல்லாம் ஏஜென்டிடம் முதலிலேயே சொன்னோம். "உங்க ஒருத்தர் பேர்ல எந்த பேங்க்கும் தராது மேடம். சாரையும் சேர்த்தாத்தான் ஃபைல் நகரும்" என்றார். விற்பனை ஒப்பந்தத்தையும் இருவர் பெயரிலேயே போட வைத்தார். சிக்கலே அதில்தான். சொத்தில் பங்குள்ளவர் கடனிலும் சேர வேண்டும் என்று வங்கிகள் கேட்கும். சேர்ந்தால் அவருடைய ஸ்கோரையும் பார்க்கும். ஃபைல் திரும்பி வந்தது. ஒரே சமயத்தில் பல வங்கிகளுக்கு அனுப்பியிருந்ததால் என் ஸ்கோரும் இறங்கியது.

அப்புறம் பேச்சு மாறியது. "சிபில் ஆபீஸ்லயே நமக்கு ஆள் இருக்கு, 40,000 ஆகும்." அட்வான்ஸ் கொடுத்த வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தை அவரே தினமும் போனில் ஊட்டினார். பணம் போனதும் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. ஸ்கோர் 771! பெரிதாக்கிப் பார்த்தால், அந்த எண் மட்டும் வேறு எழுத்துருவில், வரியை விட்டுச் சற்று மேலேறி நின்றது. கீழே கணக்கு விவரத்தில் 'செட்டில்டு' அப்படியே இருந்தது. கணவர் சிபில் தளத்திலேயே ரிப்போர்ட்டை எடுத்தார். பழைய ஸ்கோர்தான். அதன் பிறகு ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை.

உண்மையில் அந்தக் கணக்கைச் சரி செய்ய ஏஜென்டே தேவையில்லை. கார்டு கொடுத்த வங்கிக்கு மீதியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கினால், 'குளோஸ்டு' என்று மாற்றி அனுப்ப வேண்டியது அந்த வங்கிதான். ஸ்கோர் ஏற அதற்கப்புறமும் காலம் பிடிக்கும். ரிப்போர்ட்டில் தவறான தகவல் இருந்தால் புகார் கொடுப்பது இலவசம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிபிலையும் சேர்த்து, இப்படி ஸ்கோர் போடும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும்.

எங்களுக்குக் கடன் கிடைத்தது எப்படி என்றால், ஒப்பந்தத்தை என் பெயருக்கு மட்டும் மாற்றி எழுதி, கிளை மேலாளரிடம் நேரில் போய் நான் தனியாக விண்ணப்பித்தேன். கணவரை ஜாமீன்தாரராகவும் போடவில்லை, ஏனென்றால் ஜாமீன் போடுகிறவரின் ஸ்கோரையும் பார்ப்பார்கள். ஒரு சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுத்ததால் தொகை குறைந்தது. 25 லட்சம், 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை கிட்டத்தட்ட 21,700 வரும். மிச்சத்துக்கு நகையை விற்றோம். அது வலிதான், ஆனால் வீடு கைக்கு வந்தது. பத்திரம் என் பெயரில் மட்டும் இருப்பதால் வருமான வரிச் சலுகையும் எனக்கு மட்டும்தான், கணவர் கோர முடியாது. இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் மீது யூபிஐ விவரங்களோடும் அந்தப் பிடிஎஃப்போடும் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். அவர் எந்த வங்கியின் பெயரைச் சொல்லி வந்தாரோ அந்த வங்கிக்கும் எழுதினோம், தன் ஏஜென்டுக்கு வங்கியும் பொறுப்பு. 30 நாளில் வங்கியிடமிருந்து பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இலவசமாகப் புகார் செய்யலாம், உதவி எண் 14448. இதே மாதிரி யாரிடமாவது நீங்களும் பணம் கொடுத்திருந்தால், வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எங்கள் புகாரை ஏற்கும்போது போலீஸார் முதலில் கேட்டதே அதைத்தான்.