டிஜிஏ டெஸ்ட்டுக்கு நல்ல லேப், ரிப்போர்ட் எழுதுவதில்தான் கஞ்சத்தனம்

எங்கள் ஸ்பின்னிங் மில்லின் 110/11 கேவி டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலை இந்த வருடம் இந்த லேபில் கொடுத்தோம். பிடிவி (ஆயில் எவ்வளவு வோல்டேஜ் தாங்கும் என்ற டெஸ்ட்), ஈரப்பதம் எல்லாம் யாரும் பார்த்துத் தருவார்கள். நான் இவர்களைத் தேடிப் போனது டிஜிஏவுக்காக, அதாவது ஆயிலில் கரைந்திருக்கும் வாயுக்களை அளப்பதற்காக.

சாம்பிள் எடுக்க வந்த தம்பிக்கு முழு மார்க். காலி தண்ணீர் பாட்டிலோடு வந்து நிற்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். இவர் கொண்டுவந்தது கண்ணாடி சிரிஞ்ச். வால்வில் தேங்கிய ஆயிலை முதலில் வாளியில் ஓடவிட்டார், சிரிஞ்சை அதே ஆயிலில் அலசிக் கொட்டினார், அப்புறம்தான் நிரப்பினார். உள்ளே சின்னக் குமிழி தெரிந்ததும் வெளியே தள்ளிவிட்டு மறுபடி எடுத்தார். குமிழி இருந்தால் ஹைட்ரஜன் அதற்குள் போய்விடும், கணக்கே மாறிவிடும்.

ரிப்போர்ட்டில் அசிட்டிலீன் 48 பிபிஎம், ஹைட்ரஜன் 15. கீழே ஒரே வரி: ‘ஆர்க்கிங், உடனே பரிசோதிக்கவும்.’ அதாவது, உள்ளே மின்பொறி அடிக்கிறதாம். அதைப் படித்த மேனேஜர் மில்லை நிறுத்தணுமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பயம் நியாயம்தான். ஆயில் என்பதே ஹைட்ரோகார்பன்கள். பார்ஷியல் டிஸ்சார்ஜ் (இன்சுலேஷனின் ஒரு பகுதியில் மட்டும் நடக்கும் சின்ன மின்பாய்ச்சல்) என்றால் பெரும்பாலும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புதான் அறுபடும், ஹைட்ரஜனும் கொஞ்சம் மீத்தேனும் வரும். முப்பிணைப்புள்ள அசிட்டிலீன் கணிசமாகச் சேர 800 முதல் 1200 டிகிரி வெப்பமும், உடனே குளிர்வதும் வேண்டும். ஆர்க்கில் இரண்டும் அமையும். ஆனால் மெயின் டேங்கில் ஆர்க் அடித்திருந்தால் ஹைட்ரஜனும் கூடவே ஏறியிருக்க வேண்டுமே?

போன் செய்தேன். கெமிஸ்ட் மேடம் எடுத்த எடுப்பில், “சார், ஓஎல்டிசி இருக்கா?” என்றார். லோடு ஓடும்போதே வோல்டேஜ் டேப்பை மாற்றும் டேப் சேஞ்சரைத்தான் கேட்டார். டேப் மாறும்போதெல்லாம், அதற்குள் கரண்டை ஒரு டேப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் டைவர்ட்டர் சுவிட்சில் ஆர்க் அடிப்பது இயல்பு. அந்த சுவிட்ச் இருக்கும் தனி அறையின் ஆயில் மெயின் டேங்குக்குள் கசிந்தால் அசிட்டிலீன் தங்கிவிடும், ஹைட்ரஜன் சீக்கிரம் வெளியேறிவிடும். அசிட்டிலீன் ஹைட்ரஜனைவிட 2-3 மடங்குக்கு மேல் இருந்தால் இதைச் சந்தேகிக்கச் சொல்கிறது டிஜிஏ முடிவுகளைப் படிப்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60599. எங்களுக்கு 3.2. அடுத்த ஷட்டவுனில் திறந்தால், டைவர்ட்டர் அறையின் ஓ-ரிங் நைந்து கிடந்தது.

இவ்வளவு தெரிந்தவர்கள் அதை ரிப்போர்ட்டிலேயே எழுதக் கூடாதா? சாம்பிள் படிவத்தில் டேப் சேஞ்சருக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. ரேட்டும் கொஞ்சம் அதிகம், ஆனாலும் அந்தத் தம்பியின் கைநேர்த்திக்குக் கொடுக்கலாம். 5க்கு 4. டேப் சேஞ்சர் விவரத்தையும் போன வருட ரிப்போர்ட்டையும் நீங்களே சாம்பிளோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.