கீட்டோவா, லிமாவா? பழைய நகரம் பார்க்க எது?

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு கீட்டோவுக்கு. ஸ்பானியர் 1534-இல் நிறுவிய இந்த எக்வடோர் தலைநகரம், 1978-இல் யுனெஸ்கோவின் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பிடித்தது. லா கொம்பானியா தேவாலயத்துக்குள் சுவர், தூண், கூரை எங்கும் தங்கத் தகடு. கொஞ்சம் திகட்டத்தான் செய்யும், ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்தின் அடியிலேயே மெட்ரோ நிலையம் இருப்பதால் போக்குவரத்தும் எளிது. சிக்கல் உயரம்தான்: சுமார் 2,850 மீட்டர். தெருக்களோ செங்குத்து. முதல் நாள் மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள்.

பெருவின் லிமாவில் அந்தத் தொல்லை இல்லை. கடலோரச் சமவெளி, வயதான பெற்றோரையும் அழைத்துப் போகலாம். ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ 1535-இல் நிறுவிய நகரம் 1746 நிலநடுக்கத்தில் பெரும்பாலும் இடிந்ததால், இன்று பார்ப்பதில் நிறைய அதற்குப் பிந்தியது. மரத்தில் செதுக்கி, நாலாபுறமும் மூடிய பால்கனிகள்தான் இதன் அடையாளம். உள்ளிருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவிலிருப்பவருக்கு அவர் தெரியமாட்டார். சான் பிரான்சிஸ்கோ மடத்தின் நிலவறையில் எலும்புகளை வட்டமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் சாம்பல் நிறம், புகைப்படம் எடுபடாது.

சாப்பாட்டில் மட்டும் கீட்டோ கிட்டவே வர முடியாது. லிமாவின் பழைய நகரை ஒட்டியே சீனர் தெரு இருக்கிறது. சீனக் கைப்பக்குவமும் பெருவின் பொருட்களும் கலந்த 'சிஃபா' கடைகளில் மதியம் பசியோடு நுழையுங்கள்.