கோபில்ட் அகராதி: ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லின் வழியே ஒரு மதிப்புரை

ஓர் அகராதியின் தரத்தை அறிவதற்கு அரிய சொற்களைத் தேடிப் பார்ப்பதைவிட, தெரிந்ததுதானே என்று எல்லோரும் கடந்து போகும் ஒரு சொல்லை அது எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது நல்லது. காலின்ஸ் பதிப்பகமும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கி, ஜான் சின்க்ளேரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1987இல் வெளியிட்ட, ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆங்கில-ஆங்கில அகராதியான கோபில்டை, ‘கம்ப்ளீட்’ (complete) என்ற ஆங்கிலச் சொல்லை முன்வைத்து மதிப்பிடுகிறேன்.

பேச்சிலும் எழுத்திலும் உண்மையில் வழங்கிய ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, அந்தத் தரவிலிருந்தே பொருள்களைக் கண்டெடுத்தது இந்த அகராதியின் முதல் சிறப்பு. விளக்கங்களை முழு வாக்கியங்களாகத் தருவது அதைவிடப் பெரிய சிறப்பு. நீங்கள் ஒரு படிவத்தை ‘கம்ப்ளீட்’ செய்தால், கேட்கப்பட்ட விவரங்களை அதில் எழுதுகிறீர்கள் என்னும் பாங்கில் அது பேசுவதால், யார், எதை, எந்தச் சூழலில் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிடுகின்றன. தமிழில் நாம் ‘பூர்த்தி செய்க’ என்று படிவங்களில் அச்சிடுவதும் இந்தப் பொருளில்தான். ‘முடி’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எதிரே எழுதிவைக்கும் இருமொழி அகராதி இந்த இடத்தில் உதவாது.

பெயரடையாக வரும்போதுதான் கோபில்டின் அருமை நன்றாகத் தெரிகிறது. இருக்கவேண்டிய பகுதிகள் எல்லாம் இருப்பது ஒரு பொருள். ஓர் எழுத்தாளரின் படைப்புகள் அனைத்தையும் கொண்ட தொகுப்பைக் குறிப்பது மற்றொன்று. ‘கம்ப்ளீட் ஸ்ட்ரேஞ்சர்’ என்னும் தொடரிலோ இந்தச் சொல் எதுவும் நிறைவுற்றதைச் சொல்வதில்லை. அழுத்தம் கொடுக்கவே வருகிறது. தமிழில் அதை ‘முழுமையான அந்நியர்’ என்றால் பொருளற்றுப் போகும். ‘முன்பின் தெரியாதவர்’ என்றுதான் சொல்வோம். சொல்லுக்கு நிகர் தேடாமல், பேசுபவர் இந்தச் சொல்லை எதற்காகப் பயன்படுத்துகிறார் என்று கோபில்ட் சொல்வதால், கற்பவர் சரியான தமிழைத் தாமே கண்டடைய முடிகிறது. நான் இந்த அகராதியை நேசிப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

வினைச்சொற்களுக்கு அது தரும் இலக்கண அமைப்புக் குறிப்புகள், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு மிகவும் வேண்டியவை. ‘படித்து முடித்தேன்’ என்று எந்த வினையோடும் ‘முடி’யைச் சேர்க்கும் பழக்கத்தால், ‘கம்ப்ளீட்டட் ரீடிங்’ என்று நம்மில் பலர் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஃபினிஷ்’ என்ற வினைக்குப் பின்னால்தான் ‘ரீடிங்’ போன்ற வடிவம் இயல்பாக வரும். ‘கம்ப்ளீட்’ ஒரு பெயர்ச்சொல்லையே எதிர்பார்க்கும். இந்த வேறுபாட்டை அமைப்புக் குறிப்புகளைப் பார்த்தே உணரலாம். ஆனால் அவை சுருக்கக் குறியீடுகளாக இருப்பதால், புதிதாக வருபவர் அவற்றைக் கவனிக்காமல் தாண்டிவிடும் வாய்ப்பு அதிகம்.

குறையும் உண்டு. ‘கம்ப்ளீட்’ என்ற வினையை ‘ஃபினிஷ்’ என்ற சொல்லைக் கொண்டே விளக்குவதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் எழக்கூடும். கோப்பையிலுள்ள பாலைக் குடித்துத் தீர்ப்பதை ‘ஃபினிஷ்’ எனலாம், ‘கம்ப்ளீட்’ எனக்கூடாது என்பது அந்த விளக்க வாக்கியத்திலிருந்து தெரியவராது. மேலும், அவசரமாகப் பொருள் தேடுபவருக்கு நீண்ட வாக்கியங்கள் சற்றுச் சலிப்பைத் தரலாம்.

இதன் விளக்கங்களைக் காலின்ஸ் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய தேவையுள்ள கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோருக்கு இதை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். எளிய ஆங்கில வாக்கியங்களைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் நிலையை இன்னும் எட்டாதவர்கள், நல்லதோர் ஆங்கில-தமிழ் அகராதியை உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.