கிளை ரவுட்டரிலிருந்தே பிங்: ஸ்மோக்பிங்கோடு சில வருடங்கள்

தலைமை அலுவலகத்தில் இருந்துகொண்டு கிளையின் ரவுட்டருக்கு பிங் (பேக்கெட் எனும் சிறு தரவுத் துண்டை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) அனுப்பினால், நமக்கும் அந்தக் கிளைக்கும் நடுவே உள்ள பாதை மட்டும்தான் தெரியும். கிளையில் இருப்பவர்கள் பயன்படுத்துவது வேறு பாதைகள். பில்லிங் மென்பொருள் ஒரு கிளவுட் சர்வரில் இருக்கும், வீடியோ கால் இன்னொரு பக்கம் போகும். அவர்கள் "நெட் ரொம்ப ஸ்லோ சார்" என்று போன் செய்யும் நேரத்தில் நம் திரையில் எல்லாமே பச்சையாக இருக்கும். அதனால்தான் கிளை ரவுட்டரே பிங் அனுப்பி, கிடைத்த அளவை மட்டும் என் சர்வருக்குத் தரும்படி ஸ்மோக்பிங் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளில் அமைத்தேன்.

ஸ்மோக்பிங் பழைய ஆள். எம்ஆர்டிஜி (நெட்வொர்க் போக்குவரத்தை வரைபடமாக்கும் கருவி), ஆர்ஆர்டிடூல் (அளவுகளைச் சேமித்து வரைபடமாக்கும் கருவி) இரண்டையும் எழுதிய டோபி ஓட்டிக்கர் பெர்ல் மொழியில் எழுதியது. முகப்பைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. ஆனால் லேட்டன்சியை (பேக்கெட் போய்வர ஆகும் தாமதத்தை) அது காட்டும் விதத்துக்காகவே நான் அதை விடவில்லை. இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 பிங். அவற்றின் நடு மதிப்பு ஒரு கோடாக வரும், மற்றவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது சாம்பல் நிறப் புகையாகப் படரும், எத்தனை பேக்கெட் தொலைந்தன என்பது கோட்டின் நிறத்தில் தெரியும். 20 பிங்கில் 18 பிங் 12 மில்லி விநாடியிலும் இரண்டு மட்டும் 400-லும் திரும்பினால் சராசரி ஏறக்குறைய 51. அந்த 51 யாருமே அனுபவிக்காத எண். புகையைப் பார்த்தால் விஷயம் உடனே புரிந்துவிடும்.

தொலைவில் உள்ள ரவுட்டரிலிருந்து பிங் அனுப்ப ஸ்மோக்பிங்கில் பல புரோப்கள் (அளவெடுக்கும் துணை நிரல்கள்) உண்டு. ஜூனிபர் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் முறை) வழியாக உள்ளே போய் பிங் கட்டளையை ஓட்டும் புரோப் இருக்கிறது. அந்தப் பயனருக்கு பிங், டிரேஸ்ரூட் (பாதையில் உள்ள ரவுட்டர்களைக் காட்டும் கட்டளை) அளவுக்கு மட்டும் உரிமை கொடுத்தால் போதும். சிஸ்கோ ரவுட்டருக்கு எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணித்து நிர்வகிக்கும் நெறிமுறை) வழியாக ரவுட்டரின் சொந்த அளவீட்டு வசதியை இயக்கும் புரோப் உண்டு. அதற்கு எஸ்என்எம்பி-யில் எழுதும் உரிமை தேவை. வெறும் பிங் அளவுக்காக அதைத் திறந்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் கிளைகளில் இருப்பது ஓபன்டபிள்யூஆர்டி (லினக்ஸ் அடிப்படையிலான திறமூல ரவுட்டர் மென்பொருள்) ஓடும் ரவுட்டர்கள். அதனால் எஃப்பிங் (பல முகவரிகளுக்கு ஒரே சமயத்தில் பிங் அனுப்பும் நிரல்) பேக்கேஜை ரவுட்டரில் நிறுவி, ரிமோட்எஃப்பிங் புரோப்பைப் பயன்படுத்துகிறேன். கிளைக்கு ஒன்றாக ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்து ஸ்லேவ் முறையில் (கிளையிலேயே ஸ்மோக்பிங் ஓடி, அளவுகளை முதன்மை சர்வருக்கு அனுப்பும் முறை) ஓட்டுவது இன்னொரு வழி. ஆனால் கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் எஸ்டி கார்டை நம்பி அளவீடு வைக்க எனக்கு மனம் வரவில்லை. ரவுட்டர் எப்படியும் அங்கே இருக்கத்தான் போகிறது.

புரோப் வேலை செய்யும் முறை எளிது. சர்வர் எஸ்எஸ்எச் மூலம் ரவுட்டருக்குள் போகும், அங்கே எஃப்பிங்கை ஓட்டும், விடையை வாங்கிக்கொண்டு வெளியே வரும். சின்ன ரவுட்டரில் எஸ்எஸ்எச் கைகுலுக்கலுக்கே ஒரு விநாடி ஆகலாம். ஆனால் பிங் நேரத்தை அளப்பது ரவுட்டருக்குள் என்பதால் அந்தத் தாமதம் கணக்கில் சேராது. எஸ்எஸ்எச் சாவியை (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உதவும் கோப்பை) ஸ்மோக்பிங் ஓடும் பயனரின் பெயரில் உருவாக்கி, அதே பயனராக ஒருமுறை கையால் உள்ளே போய்வர வேண்டும். ரூட் (எல்லா உரிமையும் உள்ள) பயனராக உள்ளே போய்ச் சோதித்துவிட்டு "எனக்கு வேலை செய்கிறதே" என்று குழம்புபவர்கள் நிறைய. ரவுட்டர் பக்கம் அந்தச் சாவிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்டைக் கட்டிவைத்து, எஃப்பிங் தவிர வேறு எதையும் ஓட்ட முடியாதபடி செய்திருக்கிறேன். ஓபன்டபிள்யூஆர்டியில் உள்ளே போவது ரூட்டாகத்தான், அதனால் இந்தப் பூட்டு அவசியம்.

அதிகம் தலைவலி கொடுப்பது விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியே கிளையையும் தலைமை அலுவலகத்தையும் இணைக்கும் மறைகுறியாக்கிய பாதை (டனல்). ஐபிசெக் (விபிஎன் முறைகளில் ஒன்று) டனல் கொள்கை அடிப்படையில், அதாவது எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போவது டனலுக்குள் போகும் என்ற விதிப்படி அமைந்திருந்தால், ரவுட்டர் தானாக அனுப்பும் பிங் வெளிப்புற முகவரியோடு கிளம்பும். டனலின் விதிக்குள் அது பொருந்தாது. இன்டர்நெட் பக்கம் போய்த் தொலைந்துவிடும், கிராஃபில் நூறு சதவீத இழப்பு. கிளையில் உள்ள கம்ப்யூட்டர்களிலிருந்தோ அதே முகவரிக்கு பிங் நன்றாகப் போகும். ரவுட்டரின் உள் முகவரியை மூல முகவரியாகக் கொடுத்தால் சரியாகிவிடும்.

எதற்கெல்லாம் பிங் அனுப்புவது என்பதில்தான் பயனே இருக்கிறது. ஒவ்வொரு கிளையிலிருந்தும் நான் வைத்திருப்பவை: சேவை நிறுவனத்தின் முதல் கேட்வே (லைன் போய்ச் சேரும் முதல் ரவுட்டர்), 1.1.1.1 (கிளவுட்ஃப்ளேரின் பொது டிஎன்எஸ் சர்வர்), டனலுக்கு அப்பால் உள்ள தலைமை அலுவலக சர்வர், பிறகு அந்தக் கிளை உண்மையில் பயன்படுத்தும் மென்பொருளின் சர்வர். நான்கும் ஒரே நேரத்தில் ஏறினால் கோளாறு கிளைக்குள்ளோ அதன் லைனிலோ. கடைசி மட்டும் ஏறினால் நம் கையில் இல்லை. கேட்வேயில் மட்டும் இழப்பு தெரிந்து, அதற்கு அப்பால் உள்ள எல்லாம் சுத்தமாக இருந்தால் அது இழப்பே இல்லை. அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் சேவை நிறுவனத்தோடு சண்டைக்குப் போனால் நேரம் வீண்.

எவ்வளவு லேட்டன்சி நியாயம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும், 100 கி.மீ. தூரத்துக்குப் போய்வர ஒரு மில்லி விநாடி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடிக் கேபிள் ஏறக்குறைய 3,200 கி.மீ., ஆகவே 32 மில்லி விநாடிக்குக் கீழே யாராலும் தர முடியாது. அங்குள்ள சர்வருக்கு 40 வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே 40 பக்கத்து ஊருக்கு வந்தால் பாதை எங்கோ சுற்றிப் போகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒன்று. ஒரு கிளையில் மாலை நேரங்களில் மட்டும் நான்கு கிராஃபும் புகை மூட்டமாகி 300 மில்லி விநாடியைத் தொட்டன. பேக்கெட் இழப்பு ஏறக்குறைய இல்லை. கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் அந்த நேரத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அப்லோடு வரிசையில் மற்ற எல்லாம் காத்துக்கிடந்தன. அதே ரவுட்டரில் எஸ்க்யூஎம் (வரிசையில் தேங்காதபடி போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பேக்கேஜ்) நிறுவி, அதில் கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்தெடுத்து, அப்லோடு வேகத்தை உண்மையான அளவில் 90 சதவீதமாகக் கட்டியதும் புகை மெலிந்துவிட்டது. வெளியிலிருந்து அவ்வப்போது கையால் பிங் அனுப்பிப் பார்த்திருந்தால், பகலில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு "லைன் நன்றாகத்தானே இருக்கிறது" என்றிருப்போம்.

குறைகளும் உண்டு. ரவுட்டரின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) ஐந்து நிமிடத்துக்கு ஒரு எஸ்எஸ்எச் நுழைவு, அதாவது ஒரு நாளைக்கு 288, பதிவாகி மற்ற செய்திகளை வெளியே தள்ளும். லாகைத் தனி சர்வருக்கு அனுப்புவது நல்லது. ரவுட்டரின் ஃபர்ம்வேரை (அதன் அடிப்படை மென்பொருளை) மேம்படுத்தினால் அமைப்புகள் தங்கும், பின்னால் நிறுவிய பேக்கேஜ்கள் தங்காது. எஃப்பிங் காணாமல் போய் கிராஃபில் வெற்றிடம் விழும். எஃப்பிங்கையும் சேர்த்தே ஃபர்ம்வேரைத் தயாரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், எத்தனை விநாடிக்கு ஒருமுறை, எத்தனை பிங் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால் பழைய ஆர்ஆர்டி கோப்பு பொருந்தாது என்று ஸ்மோக்பிங் அடம்பிடிக்கும். சேர்த்துவைத்த வரலாற்றை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அளவைக் கொண்டுவரும் எஸ்எஸ்எச் அதே லைனில் வருவது. லைன் முழுதாக அறுந்தால் கிளைக்குள் என்ன நடந்தது என்ற விவரமே கிடைக்காது. ஸ்லேவ் முறையில் அளவைச் சேமித்து வைத்திருந்து லைன் வந்ததும் அனுப்பும். அதனால் இரண்டு லைன் உள்ள ஒரு கிளையில் மட்டும், யுபிஎஸ்-இல் ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஸ்லேவை நிறுவியிருக்கிறேன். மற்ற கிளைகளுக்கு ரவுட்டர் பிங்கே போதுமானதாக இருக்கிறது.