இலவச மருந்தா, மொத்தக் கொள்முதலா, புது மருந்தா: உலக சுகாதாரக் கூட்டணிகளில் எது மேல்?

அரசும் தனியாரும் கைகோத்தால்தான் ஏழை நாடுகளுக்கு மருந்து போய்ச் சேரும் என்கிறது ஒரு தரப்பு. கம்பெனிகளை உள்ளே விட்டாலே எல்லாம் போச்சு என்கிறது இன்னொரு தரப்பு. இருவரும் பேசுவது ஒரே ஏற்பாட்டைப் பற்றி அல்ல. குறைந்தது மூன்று வகைகள் நடைமுறையில் இருக்கின்றன. மூன்றிடமும் நான் கேட்க விரும்புவது இதைத்தான்: கம்பெனி நாளைக்கே விலகிக்கொண்டால், நோயாளிக்கு என்ன மிஞ்சும்?

நன்கொடை வகையில் மூத்தது மெக்டிசான் திட்டம். ஆற்றோரம் பெருகும் சிறு ஈக்கள் கடித்துப் பரவி, கண்பார்வையையே பறிக்கும் ரிவர் பிளைண்ட்னஸ் நோய்க்கு ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேவைப்படும் காலம்வரை இலவசமாகத் தருவோம் என்று 1987ல் மெர்க் நிறுவனம் அறிவித்தது, இன்றும் தருகிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் அதை வினியோகிப்பவர்கள் ஊரே தேர்ந்தெடுத்த தொண்டர்கள். கோடு போட்ட ஒரு கம்பை ஆளின் பக்கத்தில் நிறுத்துவார்கள்; தலை எந்தக் கோட்டுக்கு வருகிறதோ அதற்கேற்ற மாத்திரைகள். எடை மெஷினும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். 2013 முதல் 2016க்குள் கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா ஆகியவை நோயை ஒழித்துவிட்டதாகச் சான்று பெற்றன. 2025ல் நைஜரும் பெற்றது, ஆப்பிரிக்காவில் முதல் நாடாக. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் ஐவர்மெக்டின் ஏற்கெனவே கால்நடை மருந்தாக நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. கைவசம் மருந்து இருக்கும் நோய்க்குத்தான் நன்கொடை வரும். மருந்தே இல்லாத நோய்க்கு இந்த வழியில் விடிவில்லை.

அடுத்தது காவி (Gavi) என்ற உலகத் தடுப்பூசிக் கூட்டணி. 2000ல் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தொடங்கியது, கேட்ஸ் அறக்கட்டளையின் 75 கோடி டாலரோடு. ஏழை நாடுகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி, யுனிசெஃப் வழியாக மொத்தமாகத் தடுப்பூசி வாங்குவது இதன் வேலை. வீச்சில் இது மிகப் பெரியது. சிக்கல் விலையில். நிமோனியா போன்ற நோய்களைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசிக்காக 2009ல் இத்தாலி, பிரிட்டன், கனடா, ரஷ்யா, நார்வே, கேட்ஸ் அறக்கட்டளை சேர்ந்து 150 கோடி டாலர் ஒதுக்கின. ஒரு டோஸ் அதிகபட்சம் மூன்றரை டாலர். முதல் கட்ட டோஸ்களுக்கு அதற்கு மேல் ஊக்கத்தொகை. சப்ளை செய்தவை ஃபைசரும் ஜிஎஸ்கேயும். மூன்றாவதாகப் புனேயின் சீரம் நிறுவனம் 2 டாலர் விலையில் உள்ளே வந்தது 2020ல்தான். போட்டியாளரை வளர்க்க அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே செலவழித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. காவியின் ஆட்சிக்குழுவில் தடுப்பூசித் தயாரிப்பாளர்களுக்கும் இடம் உண்டு. விற்பவர் வாங்குபவரின் மேசையில் உட்கார வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை. ஆலோசனை கேட்க வேறு வழிகள் இருக்கின்றன.

என் ஓட்டு மூன்றாவது வகைக்கு: டிஎன்டிஐ (DNDi) என்ற லாப நோக்கற்ற அமைப்பு. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து உருவாக்க 2003ல் எம்எஸ்எஃப் மருத்துவர்கள் அமைப்பு, நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), பிரேசில், கென்யா, மலேசியா நாடுகளின் அரசு அமைப்புகள், பிரான்சின் பாஸ்டர் ஆய்வு நிறுவனம் எல்லாம் சேர்ந்து தொடங்கியது. ஆப்பிரிக்கத் தூக்க நோய் முற்றியவர்களுக்கு அதுவரை போட்டுவந்த மெலார்சோப்ரால், ஆர்செனிக் கலந்த ஊசி. நரம்பில் ஏறும்போதே நெருப்பாக எரியும். சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 20 பேருக்கு ஒருவர் அந்த மருந்தாலேயே இறந்தார்கள். ஒரு கம்பெனி எப்போதோ கைவிட்டிருந்த ஃபெக்சினிடசோல் என்ற மருந்தை டிஎன்டிஐ தேடி எடுத்து, சனோஃபி என்ற மருந்து கம்பெனியோடு சேர்ந்து சோதித்தது. 2018ல் காங்கோ ஜனநாயகக் குடியரசு அனுமதி கொடுத்தது. இப்போது பத்து நாள் மாத்திரை போதும். 2007ல் இதே கூட்டணி கொண்டுவந்த மலேரியா மாத்திரைக்குக் காப்புரிமையே எடுக்கவில்லை. பெரியவர்களுக்கான முழுச் சிகிச்சை ஒரு டாலருக்குள்.

வேகம் இதில் குறைவுதான்; ஒரு மருந்துக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகலாம். கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு இந்த ஆண்டே ஊசி போட வேண்டுமென்றால் காவியைத்தான் நாட வேண்டும். ஆனால் கம்பெனி விலகினாலும், அந்த மலேரியா மாத்திரையை இன்னொருவர் தயாரிப்பதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. நன்கொடை ஒப்பந்தத்திலும் கொள்முதல் ஒப்பந்தத்திலும் சுகாதார அமைச்சகங்கள் கேட்டு வாங்க வேண்டியது, இன்னொருவர் தயாரிப்பதைத் தடுக்கக் கூடாது என்ற இந்த ஷரத்தைத்தான்.