மாத்திரையா, கவுன்சலிங்கா? பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு எது பொருந்தும்

பதின்வயதுப் பிள்ளைக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னதும், தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பெற்றோர் திணறுவது இந்த இடத்தில்தான்.

செலவு
மாத்திரை: மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மருந்து விலை குறைந்தது.
கவுன்சலிங்: தனியாரிடம் ஒவ்வொரு அமர்வுக்கும் பணம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால் அந்தக் கவலை இல்லை.

நேரம்
மாத்திரை: பலன் தெரிய 4 முதல் 6 வாரம்.
கவுன்சலிங்: வாரம் ஒரு முறை, சில மாதங்கள். தினக்கூலி வீட்டுக்கு இது உண்மையிலேயே பாரம்.

பாதுகாப்பு
இதில்தான் நிதானம் வேண்டும். 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இவ்வகை மருந்துகள் சிறுவர்களிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று எச்சரித்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டித்தது. அதற்காக மருந்தே விஷம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. சிகிச்சை இல்லாத கடும் மனச்சோர்வும் உயிரைப் பறிக்கும். முதல் சில வாரங்களும், அளவு மாறும் நாட்களும் பிள்ளையைக் கூடவே இருந்து கவனிக்க வேண்டியவை. கவுன்சலிங்கில் இந்த மருந்து ஆபத்து இல்லை.

சரி, யாருக்கு எது? லேசான சோர்வு என்றால் முதலில் கவுன்சலிங். சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் குலைந்து, சாக வேண்டும் என்று பிள்ளை பேசினால் மனநல மருத்துவரிடம் உடனே போங்கள். அங்கே பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். தேறிவிட்டான் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருந்துக்கடையில் நீங்களாக வாங்கவும் வேண்டாம். நள்ளிரவில் பயம் வந்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.